உருளைக்கிழங்கு சேர்த்தால் பிரெட்டில் சத்து கூடுமா?

கேள்வி:

ஆறு மாதமாக வீட்டிலேயே பிரெட் சுடுகிறேன். 400 கிராம் மைதா, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 200 கிராம், ஈஸ்ட், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி. கிழங்கு வெந்த தண்ணீரிலேயே மாவைப் பிசைவேன். பஞ்சு மாதிரி வருகிறது. மூன்று நாளானாலும் காய்வதில்லை. சாதாரண பிரெட்டைவிட இதில் கலோரி குறைவு, சத்து அதிகம் என்று தோழி சொல்கிறாள். என் நாத்தனாரோ, மைதாவும் கிழங்கும் சேர்ந்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும், அண்ணனுக்குக் கொடுக்கவே கொடுக்காதே என்கிறார். கணவருக்கு 46 வயது, இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். மாமனாருக்குச் சிறுநீரகத்தில் பிரச்சினை இருக்கிறது, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வயது மகனுக்கு இந்த பிரெட் என்றால் உயிர். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அளவுகளோடு எழுதியதற்கு முதலில் நன்றி. "உருளைக்கிழங்கு பிரெட் நல்லதா" என்று மட்டும் கேட்டிருந்தால் என்னால் உருப்படியாக எதுவும் சொல்லியிருக்க முடியாது. நூறு கிராம் மாவுக்கு ஐந்து கிராம் கிழங்குத் தூள் போட்டாலும் அந்தப் பெயர்தான், மாவைவிடக் கிழங்கு அதிகமாகப் போட்டுக் கல்லில் தட்டையாகச் சுட்டாலும் அந்தப் பெயர்தான். உங்கள் கணக்கு தெளிவாக இருக்கிறது. அதனால் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீங்கள் சொன்ன அளவுக்கு, சுட்டு ஆறிய பிறகு ஏறத்தாழ 730 கிராம் பிரெட் கிடைக்கும். 30 கிராம் துண்டாக வெட்டினால் 24 துண்டு. ஒரு துண்டில் சுமார் 76 கலோரி, 15 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து, 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். இதே பிரெட்டைக் கிழங்கு இல்லாமல் 500 கிராம் மைதாவில் சுட்டிருந்தால் ஒரு துண்டில் சுமார் 80 கலோரி, 16 கிராம் மாவுச்சத்து, 2 கிராம் புரதம். ஆக, கிழங்கு சேர்த்ததால் துண்டுக்கு நாலு கலோரி குறைந்திருக்கிறது. உங்கள் தோழி சொன்னது பொய்யில்லை. ஆனால் நாலு கலோரியை நம்பி ஒரு துண்டு கூடுதலாக எடுத்தால் எழுபத்தாறு கலோரி உள்ளே போய்விடும்.

இந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வேகவைத்த கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிராம் மைதாவில் 364 கலோரி இருக்கிறது, நூறு கிராம் வெந்த கிழங்கில் 86தான். கிழங்கு வேகும்போது அதன் மாவுச்சத்து மணிகள் உப்பி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த ஈரம் அடுப்பிலும் முழுதாகப் போவதில்லை. உங்கள் பிரெட் பஞ்சு மாதிரி இருப்பதற்கும், மூன்று நாள் காயாமல் இருப்பதற்கும், கலோரி கொஞ்சம் குறைவதற்கும் காரணம் ஒன்றேதான்: தண்ணீர்.

வரலாற்றைப் பார்த்தாலும், சத்துக்காக யாரும் பிரெட்டில் கிழங்கைச் சேர்க்கத் தொடங்கவில்லை. மாவு போதவில்லை என்றுதான் சேர்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் மருந்தியலாளர் பார்மாந்தியே, தானிய மாவே இல்லாமல் கிழங்கிலிருந்து மட்டும் பிரெட் செய்ய முயன்று, 1779இல் அதன் செய்முறையை வெளியிட்டார். முதல் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களிலேயே ஜெர்மனியில் பிரெட் மாவில் கிழங்கு கலப்பதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். பசியைத் தள்ளிப்போடக் கண்டுபிடித்த வழி, இன்றைக்கு ஆரோக்கிய உணவு என்ற பெயரோடு நம் சமையலறைக்கு வந்திருக்கிறது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, நல்ல வழிதான். ஆனால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும்.

சரி, சத்து ஒன்றுமே கூடவில்லையா? ஒன்று கூடுகிறது: பொட்டாசியம். மைதாவில் அது மிகக் குறைவு, கிழங்கில் தாராளம். கிழங்கு வெந்த தண்ணீரையே ஊற்றிப் பிசைவதால் அதில் கரைந்து போனதும் உங்கள் பிரெட்டுக்குத் திரும்பி வருகிறது. துண்டுக்குச் சுமார் 50 மில்லிகிராம் வரும். வெறும் மைதா பிரெட்டில் 20தான். இரண்டு மடங்குக்கு மேல் என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இரண்டு துண்டு பிரெட்டில் கிடைப்பது 100. நடுத்தர அளவில் ஒரு கிழங்கைத் தோலோடு அவித்துச் சாப்பிட்டால் 500ஐத் தாண்டும். பொட்டாசியம்தான் வேண்டுமென்றால் கிழங்கைக் கிழங்காகவே சாப்பிடலாம், பிரெட்டுக்குள் ஒளித்து வைக்கத் தேவையில்லை.

வைட்டமின் சி பற்றி ஒரு வரி போதும். பச்சைக் கிழங்கில் நூறு கிராமுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கும். அவித்து, மசித்து, பிசைந்து, மறுபடி அடுப்பில் சுட்டபின் கணக்கில் வைக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. கிழங்கின் புரதம் தரமானது, கோதுமையில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் அதில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 200 கிராம் கிழங்கில் மொத்தப் புரதமே மூன்றரை கிராம். அது 24 துண்டுக்குப் பிரிகிறது. தரம் இருந்தும் அளவு இல்லை.

வயிறு நிறையும் விஷயத்தில் எனக்கே ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை, ஒவ்வொன்றும் ஒரே கலோரி அளவில், சாப்பிடக் கொடுத்து, எது அதிக நேரம் பசியைத் தாங்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 என்று வைத்தால், அவித்த கிழங்குக்கு 323. பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். இதைப் படித்துவிட்டு, கிழங்கு பிரெட்டும் வயிற்றை நிரப்பும் என்று பலர் எழுதுகிறார்கள். அந்த 323 முழுக்கிழங்கின் எடைக்கும் ஈரத்துக்கும் கிடைத்த எண். பிரெட்டில் கால் பங்குதான் கிழங்கு, மீதி மைதாவும் தண்ணீரும். அதோடு மென்மையான பிரெட்டை நாம் வேகமாகச் சாப்பிடுகிறோம். மெல்ல வேண்டிய வேலையே இல்லாததால் இரண்டு துண்டு போன இடம் தெரியாது. என் அனுபவத்தில், வீட்டில் கிழங்கு பிரெட் சுடத் தொடங்கியவர்கள் முன்பைவிட அதிகத் துண்டு சாப்பிடுகிறார்கள். காரணம் ருசி, வேறொன்றும் இல்லை.

இப்போது உங்கள் கணவருக்கு வருகிறேன். நாத்தனாரின் அக்கறை நியாயமானது, ஆனால் பழியைக் கிழங்கின்மேல் போடுகிறார். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்ணுக்குக் கிளைசீமிக் குறியீடு என்று பெயர். வெள்ளை பிரெட்டுக்கு அது 75ஐ ஒட்டி இருக்கும், அவித்த கிழங்குக்கு 78ஐ ஒட்டி. இரண்டும் ரத்தத்தில் சர்க்கரையை ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஏற்றுபவைதான். சேர்ந்தால் இரட்டிப்பாகும் என்பது கிடையாது, ஏனென்றால் உங்கள் பிரெட்டில் கிழங்கு மைதாவின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. துண்டுக்கு மாவுச்சத்து அரை கிராம் போலக் குறையத்தான் செய்கிறது. அவருடைய சர்க்கரையை ஏற்றப்போவது எத்தனை துண்டு என்பதும், அதோடு என்ன சாப்பிடுகிறார் என்பதும்தான்.

நாலு துண்டு பிரெட்டும் மேலே ஜாமும் என்றால் 60 கிராம் மாவுச்சத்தைத் தாண்டிவிடும். அது எந்த பிரெட்டாக இருந்தாலும் அவருக்கு அதிகம். இரண்டு துண்டோடு நிறுத்தி, கூடவே முட்டையோ அவித்த கொண்டைக்கடலையோ, ஒரு கிண்ணம் காய்கறியோ வைத்தால் கதை வேறு. புரதமும் நாரும் சேரும்போது வயிறு காலியாவது தாமதமாகும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். அந்த வேளையில் தனியாகக் கிழங்குக் கறி வேண்டாம்.

இன்னொரு மாற்றம் செய்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். 400 கிராம் மைதாவில் பாதியை முழுக்கோதுமை மாவாக மாற்றிவிடுங்கள். இப்போது உங்கள் பிரெட்டில் நூறு கிராமுக்கு 2 கிராம் நார்ச்சத்துதான் இருக்கிறது. பாதிக்குப் பாதி மாற்றினால் 4 கிராமைத் தாண்டும், மெக்னீசியமும் நன்றாகக் கூடும். கிழங்கின் ஈரம் இருப்பதால் முழுக்கோதுமை பிரெட்டுக்கே உரிய அந்தக் கடினமும் வராது. கிழங்கு பிரெட்டில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: கரடுமுரடான மாவையும் வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும்படி ஆக்கிவிடுகிறது. அதற்காகச் சர்க்கரை ஏறவே ஏறாது என்று நினைத்துவிட வேண்டாம். நைசாக அரைத்த முழுக்கோதுமை மாவில் சுட்ட பிரெட்டின் குறியீடும் வெள்ளை பிரெட்டை ஒட்டியேதான் இருக்கிறது. இரண்டு துண்டு என்ற கணக்கு அதற்கும் பொருந்தும்.

பிரெட்டைக் குளிரவைத்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்றும் யாராவது சொல்லியிருக்கலாம். வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதில் ஒரு பகுதி செரிக்க முடியாத வடிவத்துக்கு மாறுவது உண்மை. 2008இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வெள்ளை பிரெட்டை உறையவைத்து எடுத்து, வாட்டிச் சாப்பிட்டபோது சர்க்கரை ஏற்றம் ஓரளவு குறைந்தது. பங்கேற்றவர்கள் பத்தே பேர், எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். மிச்சமாகும் பிரெட்டைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது வாட்டிக்கொள்வது நல்ல பழக்கம், வீணாகாது. ஆனால் அதை நம்பிக் கூடுதலாக ஒரு துண்டு வேண்டாம். ஃப்ரீசர் இல்லாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பிரெட் சீக்கிரமே இறுகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

வாட்டும்போது பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். கிழங்கிலும் கோதுமையிலும் உள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரைகளும் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது. கருகக் கருக அது கூடும். கிழங்கு சேர்த்த பிரெட் சீக்கிரம் நிறம் மாறும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடைசிவரை யார் சொல்வது சரி என்று விவாதிக்க வேண்டியதில்லை, வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதுவே பதில் சொல்லிவிடும். சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். ஒரு நாள் பழைய கலவையில் சுட்ட பிரெட், இன்னொரு நாள் புதிய கலவையில் சுட்டது. கூடச் சாப்பிடுவது இரண்டு நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு மணி நேர அளவு 180க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. அவருடைய மருத்துவர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்குக் கணக்கு.

மாமனார் விஷயத்தில்தான் நீங்கள் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டும். நான் மேலே பாராட்டிய அதே பழக்கம், கிழங்கு வெந்த தண்ணீரில் பிசைவது, அவருக்கு ஆகாது. பொட்டாசியம் தண்ணீரில் கரையக்கூடியது. கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கணிசமான பங்கு அதோடு போய்விடும். பிசைவதற்குச் சாதாரணத் தண்ணீரே போதும். அப்படிச் செய்தால் துண்டுக்கு 50 என்பது 30ஐ ஒட்டி இறங்கும். கடையில் கிடைக்கும் கிழங்குத் தூளை அவருக்கான பிரெட்டில் சேர்க்காதீர்கள். ஈரம் போய்ச் சுண்டிய பொருள் அது, நூறு கிராமில் 1,000 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும்.

முழுக்கோதுமை மாவு பற்றியும் அவருக்கு மாற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் மைதாவைவிட மூன்று மடங்குக்கு மேல் பொட்டாசியம், பாஸ்பரஸும் அதிகம். உங்கள் கணவருக்கு நல்லதாக இருக்கும் மாவு அவருடைய அப்பாவுக்கு இடைஞ்சலாக இருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு விதமாகச் சுடுவது சிரமம் என்று எனக்குத் தெரியும். வாரம் ஒரு முறை அவருக்கென்று சின்னதாக ஒன்று தனியாகச் சுட்டு, துண்டு போட்டு உறையவைத்துவிட்டால் தினமும் அலைய வேண்டாம். எத்தனை துண்டு என்பதை அவருடைய சமீபத்திய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும். அந்த எண் தெரியாமல் நான் இங்கிருந்து சொல்வது முறையில்லை.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று. உப்பைக் குறைக்க வேண்டும் என்று நினைத்து, சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். அதன் ஒரு கிராமில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். கிழங்கிலிருந்து பார்த்துப் பார்த்துக் குறைத்ததெல்லாம் ஒரு சிட்டிகையில் திரும்பி வந்துவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ஆபத்து.

சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். இரண்டு தேக்கரண்டி என்பது 12 கிராம் வரை வரும். துண்டுக்கு அரை கிராம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நாலு துண்டு சாப்பிட்டால் அதில் ஐந்தில் இரண்டு பங்கு பிரெட்டிலேயே முடிந்துவிடுகிறது. குழந்தைகளுக்கான எல்லை இன்னும் குறைவு. ஒரு தேக்கரண்டியும் ஒரு சிட்டிகையும் தாராளமாகப் போதும். ஒரேயடியாகக் குறைத்தால் மகன் கண்டுபிடித்துவிடுவான், இரண்டு மூன்று முறையாகக் குறையுங்கள். சீனியும் அப்படியே: ஈஸ்டுக்கு வேண்டிய உணவு கிழங்கிலேயே இருக்கிறது, ஒரு தேக்கரண்டி கூட அதிகம்.

மகனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வளரும் பையன், ஓடியாடுகிறான், சாப்பிடட்டும். பிரெட்டில் புரதம் குறைவு என்பதை மட்டும் மனதில் வைத்து, முட்டையோ பாலோ பருப்போ அதோடு போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சுட நேரமில்லாத நாளில் கடையில் வாங்கினால், உறையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும். சீனிக்கும் எண்ணெய்க்கும் பிறகு கிழங்கின் பெயர் வந்தால், பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மஞ்சள் நிறமும் கிழங்கால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, மஞ்சள்தூள் சேர்த்தும் அந்த நிறத்தைக் கொண்டுவருவார்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் குளூட்டன் ஒவ்வாமை இருப்பதாக எழுதவில்லை. ஆனாலும் விருந்தாளிக்குக் கொடுக்கும்போது, கிழங்கு பிரெட் என்றாலும் இதில் கோதுமை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

கிழங்கைத் தேர்ந்தெடுக்கும்போது பச்சை நிறம் பாய்ந்ததையும் நிறைய முளை விட்டதையும் ஒதுக்கிவிடுங்கள். அதில் கூடும் சோலனின் என்ற நச்சு வேகவைத்தாலும் சுட்டாலும் அழியாது, மசித்துப் பிசைந்தபின் கண்ணுக்கும் தெரியாது.

முழுக்கோதுமை மாவுக்கு மாறும் முதல் தடவை, தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிவிடாதீர்கள். அந்த மாவு மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும், கிழங்கும் ஒவ்வொன்று ஒவ்வொரு ஈரத்தில் இருக்கும். முக்கால்வாசி ஊற்றிக் கலந்து, மூடி வைத்து இருபது நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் தேவைக்கேற்பச் சேர்த்தால் போதும்.